பொன்னம்மாவுக்காகச் சொன்ன ‘முடியாது’

சேமிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டார்கள். சிக்கனத்தைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மாதக் கடைசியில் கையில் கிடக்கும் சில்லறையை வைத்துக்கொண்டு வீடு நிறையப் பேருக்குச் சோறு போட்ட பெண்களிடம், மேசைக்கு இந்தப் பக்கம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சிக்கனம் பேச எனக்கு எப்போதுமே கூச்சமாகத்தான் இருந்தது.

வட்டி போடுவதையும் ஜாமீன் பார்ப்பதையும் நீங்கள் சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கும். நம்மிடம் இருக்கிற காசு ஓர் ஆளின் பெயரில் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும். கவுண்டருக்கு வந்து நிற்கிறவர்களில் யார் பேசுகிறார் என்று எல்லாரும் கவனிப்போம். யார் பேசாமல் நிற்கிறார் என்று கவனிப்பதுதான் கஷ்டம். எனக்கு அது ஒரு சனிக்கிழமை காலையில் புரிந்தது.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். நம் சங்கம் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது. கீழே கோப்பிக் கடை. பலகைப் படியில் யார் ஏறி வந்தாலும் முதலில் சத்தம் வரும், பிறகுதான் ஆள் வருவார். தோட்டத்து ஆட்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து அனுப்பும் பணம் எங்களிடம் சேமிப்பாகச் சேரும். நான் சேமிப்புப் பிரிவின் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் தோட்டத்து ஆட்களின் வாயில் நுழையவில்லை. எல்லாருக்கும் நான் கிராணியம்மாதான்.

தோட்டங்கள் ஒவ்வொன்றாக விலைபோய்க்கொண்டிருந்த காலம் அது. செமோர் பக்கம் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோட்டம் ஒன்றையும் வீடமைப்புக்காக வாங்கினார்கள். ஆட்கள் குடியிருக்கும் லயங்களை இடிக்கப்போகிறோம், தோட்டத்து ஓரத்தில் மலிவு வீடுகள் கட்டுவோம், தோட்டத்து ஆட்களுக்கு முதல் உரிமை உண்டு, திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டியவர்களுக்குத்தான் வீடு என்று அறிவித்துவிட்டார்கள். கட்டாதவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த பொன்னம்மா அந்த வாரத்தில் ஒருநாள் என்னிடம் வந்தார். முன்பணத்துக்குச் சரியாக இருக்கும் அளவுக்குச் சேமிப்பு இருந்தது. ஆனால் எல்லாம் கணவர் மாரிமுத்துவின் பெயரில் இருந்தது. மாரிமுத்து நான்கு வருஷமாகத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் திட்ட வேண்டுமானால் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும். அதனால் பொன்னம்மா ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. “அவுரு ஆஸ்பத்திரில இருக்காரு” என்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

உறுப்பினர் நேரில் வந்து கைநாட்டு வைத்தால்தான் பணம் எடுக்க முடியும் என்றேன். “கொழுந்தன்கிட்டதான் சொல்லணும். அவருதான் போயி லீவு கேட்டுக் கூட்டியார முடியும்” என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கு ஏதோ தயக்கம் இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அன்று எங்களுக்கு அரைநாள் வேலை. முன்னால் வந்தவர் மாரிமுத்துவின் தம்பி சுப்பையா. ஒரு சீனத் தவ்கேயிடம், அதாவது முதலாளியிடம், லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், உரத்த குரல். அவருக்குப் பின்னால் மாரிமுத்து. தம்பியின் சட்டையைப் போட்டிருந்தார். அது தோளிலிருந்து தொங்கியது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மருந்தினால் விரல்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. கடைசியாகப் பொன்னம்மா வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

“கிராணியம்மா, அண்ணன ஒருநாள் லீவுல கூட்டியாந்திருக்கேன். சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோயி உடணும். கைநாட்டு வெச்சிருவாரு. காச என் கையில குடுத்துருங்க” என்றார் சுப்பையா.

“வீட்டு முன்பணத்துக்குத்தானே?”

“இல்ல கிராணியம்மா, லோரிக்கு. எங்க தவ்கே பழைய லோரிய விக்கிறான். வேற ஆளும் கேட்டுட்டிருக்கான். இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்தா எனக்குத்தான். பாகான் டத்தோவுல தேங்கா ஏத்தியாந்து ஈப்போ மார்க்கெட்டுல எறக்குனா மாசம் பொறந்தா காசுதான்லா. அண்ணிக்கு வாடக வூடு நான் பாத்துத் தாரேன். புள்ளைங்க ஸ்கூல் செலவு என்னோடது. இத்தன நாளு நான் பாக்கலியா?”

“வீடு?”

“அந்த வூட்ட எப்பக் கட்டி முடிப்பான்னு யாருக்குத் தெரியும்? காட்டுல ஒரு போர்டுதான் நட்டிருக்கான்.”

சுப்பையா கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கதையைத் தப்பாகப் படிப்பீர்கள். அண்ணன் மருத்துவமனைக்குப் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு மாதாமாதம் அரிசி மூட்டை இறக்கியவர் அவர்தான். பிள்ளைகளுக்குச் சட்டை, சப்பாத்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வீட்டைப் பற்றி அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு அறிவிப்புப் பலகையோடு நின்றுபோன வீடமைப்புத் திட்டங்களை நாங்கள் எல்லாருமே பார்த்திருந்தோம். என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். லோரி சுப்பையாவின் பெயரில் இருக்கும். அது கவிழ்ந்தாலோ, அவருக்கும் அண்ணிக்கும் நாளைக்கு மனஸ்தாபம் வந்தாலோ, பொன்னம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் ஒன்றும் இருக்காது.

நான் மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டுவிட்டு, “கைநாட்டு சரியா இருந்தா குடுத்து அனுப்பிரு. குடும்ப விசயத்துல நாம ஏன் தலையிடணும்? கொஞ்ச நேரத்துல கதவ சாத்தணும்” என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன, இரண்டும் சுலபமான வழிகள். கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடலாம். அல்லது இவர் மனநோயாளி, இவர் கைநாட்டு செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டிலும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முதல் வழியில் போனால் வீடு போகும். இரண்டாவது வழியில் போனால் பணம் பூட்டிக்கொள்ளும், திங்கட்கிழமை தாண்டிவிடும், அப்போதும் வீடு போகும். என்னைக் காப்பாற்றிக்கொள்வதும் அவர்களைக் காப்பாற்றுவதும் ஒன்றாக இல்லாத நேரம் அது.

அப்போதுதான் கவனித்தேன். மாரிமுத்துவை யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பணத்தைப் பற்றி நாங்கள் எல்லாரும் அவருடைய தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தோம்.

“சுப்பையா, கீழே போய் ரசீதுல ஒட்ட ஒரு ஸ்டாம்பு வாங்கிட்டு வாங்க. எங்ககிட்ட முடிஞ்சுபோச்சு” என்றேன். என் இழுப்பறையில் ஒரு தாள் நிறைய ஸ்டாம்பு இருந்தது. அவர் படியிறங்கும் சத்தம் நின்றபிறகு மாரிமுத்துவுக்கு நாற்காலி போட்டேன். அவரோடு கண்ணுக்கு நேராகப் பேச வேண்டும் என்று நானும் கவுண்டருக்கு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

“அண்ணே, இது என்ன எடம்னு தெரியுதா?”

“சங்கம்.” குரல் மெதுவாக வந்தது, ஆனால் தடுமாற்றம் இல்லை.

“எதுக்கு வந்திருக்கீங்க?”

“காசெடுக்க. லயத்த ஒடைக்கப் போறாங்களாம்.”

“உங்க வூடு எது?”

“கோயில் பக்கத்து லயம். கடேசி வூடு. மழ பேஞ்சா பின்னாடி தண்ணி வரும்.”

“இந்தக் காச என்ன செய்யணும்ணே? நீங்க சொல்றத மட்டுந்தான் நான் எழுதுவேன்.”

அவர் படி இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். விரல்களை மடக்கி முழங்காலில் அழுத்திக்கொண்டார். இவ்வளவுதானா இவருடைய தெளிவு என்று நான் நினைக்கத் தொடங்கியபோது பேசினார்.

“பாதி அவ காசு. அவ பாலும் என் பேர்லதான் எட போட்டாங்க.”

உங்களில் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கைப்பிள்ளையை வைத்திருக்கும் பெண்கள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுக்க முடியாது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிறகு போய்க் கணவனுக்கு ஒதுக்கிய நிரையில் பாதி மரங்களில் பால் வெட்டுவார்கள். இரண்டு பேர் வாளியும் ஒரே பெயரில் எடைக்குப் போகும். சம்பளமும் அந்தப் பெயரில்தான் வரும், சேமிப்பும் அந்தப் பெயரில்தான் பிடிபடும். பிள்ளை வளர்ந்தபிறகு சிலர் தனியாகப் பெயர் பதிந்துகொண்டார்கள். பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரே வீடு, யார் பெயரில் இருந்தால் என்ன என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பெயருக்குரியவர் நலமாக இருக்கும்வரை அதில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை.

பொன்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அதை யாரும் அவருக்காகச் சொன்னதில்லை போலிருக்கிறது.  ஆனால் சுப்பையா எந்த நேரமும் திரும்பி வரலாம்.

“அப்ப வூடா, லோரியா?”

“வூடு” என்றார் மாரிமுத்து. கொஞ்சம் பொறுத்து, “தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவன்தான் எம்புள்ளைங்களுக்குச் சோறு போட்டான்” என்றார்.

நான் பொன்னம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “என்னையும் சொல்லச் சொல்லாதீங்க கிராணியம்மா. நாலு வருசம் அவரு எறக்குன அரிசியத் தின்னிருக்கோம். எந்த வாயால நான் வேணாம்னு சொல்றது? நீங்களே முடியாதுன்னு சொல்லிருங்க.”

கீழே பலகைப் படியில் சத்தம் கேட்டது. நான் எழுந்து கவுண்டருக்குள் போய் நின்றுகொண்டேன்.

சுப்பையா ஸ்டாம்பை மேசையில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “ஆஸ்பத்திரியில இருக்கிற மெம்பருக்கு நாங்க ரொக்கமாக் குடுக்கிறதில்ல சுப்பையா. வைத்தியச் செலவுக்கோ வீட்டுக்கோதான் எடுக்கலாம். அதுவும் செக்காத்தான் தருவோம். வீட்டுக்குன்னா கட்டுறவங்க பேர்லயே செக்கு எழுதித் தாரேன். லோரிக்குக் குடுக்க முடியாது. ரூலு.”

அப்படி ஒரு ரூலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் என் வாயில் பிறந்தது அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும். அவர் பேனாவைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார், குனிந்துகொண்டார்.

சுப்பையா என்னை வெகுநேரம் பார்த்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “ரூலுன்னா என்ன செய்யுறது” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசோலையை எழுதினேன். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு தாளில் எழுதி, மாரிமுத்துவுக்குப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக் கைநாட்டு வாங்கினேன். கட்டைவிரலை மையில் அழுத்தும்போது அவர் விரல் நடுங்கியது. பொன்னம்மா வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போகும்போது மாரிமுத்து அவரிடம், “வூடு கட்டுனா என்னையும் அங்க கூட்டிட்டுப் போவியா?” என்று கேட்டார்.

“உங்க வூடுதானே” என்றார் பொன்னம்மா.

அவர்கள் போனபிறகு மேனேஜர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். “அடுத்த தடவ ரூல் போடுறதா இருந்தா எனக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடு” என்றார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதை நான் உங்களுக்கு எழுதுவது நீங்களும் கவுண்டரில் பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக இல்லை. மாரிமுத்துவிடம் கேட்காமல், பணம் எதற்கு என்று அவர் வாயால் வராமல் நான் அதைச் சொல்லியிருந்தால், நானும் அவர் பணத்தை எடுத்தவர்களில் ஒருத்தி ஆகியிருப்பேன். என்ன செய்வது என்று முடிவு செய்தவர் அவர். ‘முடியாது’ என்ற வார்த்தையை மட்டும் நான் சுமந்தேன். குடும்பங்கள் காசில் கெட்டுப்போவது கணக்கு தெரியாமல் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல யாராலும் முடிவதில்லை. சோறு போட்டவனிடம் சொல்ல முடியாது, கூடப் பிறந்தவனிடம் சொல்ல முடியாது. அலுவலகத்தால் சொல்ல முடியும். அலுவலகம் யாருக்கும் அண்ணியோ அண்ணனோ இல்லை. சிலசமயம் அதற்காகவும்தான் நமக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சேமிப்பு தொடங்க வருகிறவரிடம் வீட்டில் வேறு யார் உழைக்கிறார் என்று கேளுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அதற்குப் பொய்யே தேவைப்படாது.

ஆனால் அந்த ‘முடியாது’ இலவசமாக வரவில்லை. அரிசி மூட்டை நின்றுபோனது. சுப்பையா அந்தப் பக்கமே வரவில்லை என்று பொன்னம்மா பிறகு ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். லயத்தை இடித்தபிறகு உறவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் பிள்ளைகளோடு இருந்துகொண்டு, ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். வீடமைப்பு வேலை பாதியில் நின்று, மறுபடி நடந்து, மறுபடி நின்றது.  நான் சொன்ன வார்த்தைக்குப் பொன்னம்மா விலை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் நீ செய்தது சரிதானா என்று கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

வீடு ஒருவழியாக எழும்பியது. சிறிய வீடுதான். அதன்பிறகு தீபாவளிக்குத் தீபாவளி பொன்னம்மாவே போய் லீவு கேட்டு மாரிமுத்துவைக் கூட்டிவந்தார் என்று கேள்விப்பட்டேன். எண்பதுகள் முடியப்போகிற சமயம் அவர் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். பொன்னம்மா ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். போனேன்.

வாசலில் பந்தல் போட்டு, கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெளியே ஒருவர் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். சுப்பையாதான். முடி நரைத்திருந்தது. அப்போதும் தவ்கேயின் லோரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணனின் உடலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தானாம். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டார்.  அவரே பேச்சைத் தொடங்கினார்.

“அந்த மாதிரி ரூலு ஒண்ணும் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் கிராணியம்மா.”

நான் அவர் விரித்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அதுக்கு முந்தின வருசம் எங்க கூட்டாளி ஒருத்தன் காலு ஒடஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தான். கட்டோட அவன நான்தான் தூக்கியாந்தேன், உங்ககிட்டதான் காசு எடுத்தோம். மோட்டார் கடன் கட்ட. ரொக்கமாத்தான் குடுத்தீங்க. நீங்களேதான் எண்ணிக் குடுத்தீங்க.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

அவர் கையிலிருந்த நாற்காலியை மடக்கினார், மறுபடி விரித்தார். “நான் ஸ்டாம்பு வாங்கிட்டு வாரப்ப அண்ணே மொகத்தப் பாத்தேன். அண்ணி கண்ணு செவந்திருந்திச்சு. வூடுதான் வேணும்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஆனா நானே கேட்டுட்டு நானே வேணாம்னு எப்படிச் சொல்றது? நீங்க சொன்னீங்க. நல்லதாப் போச்சுன்னுதான் ஜன்னலுகிட்டப் போயி நின்னேன்.”

“அப்புறம் ஏன் இந்தப் பக்கம் வரவே இல்ல?”

“மொகத்துல முழிக்க வெக்கமா இருந்திச்சு” என்றார். “அண்ணன் காசுல கை வெக்க வந்தவன்னு ஆயிப்போச்சுல்ல.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எடுக்க நேரமாகிவிட்டது. சுப்பையா சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனார். மாரிமுத்துவை அவருடைய சொந்த வீட்டு வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தது தம்பிதான். பொன்னம்மா வாசற்படிவரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.